தைப்பூச லீவு யாருக்கு?

செமஸ்டர் முடிந்து ஒரு வழியாக மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. போன தடவை பங்குச்சந்தை பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்தேன். இந்த முறை வரலாறு. பி.காம் படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தக் கட்டுரை ஆரம்பித்ததே எங்கள் வணிகச் சட்டப் பாடத்தில்தான்.

1881ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் என்று ஒன்று உண்டு. செக், பில், புரோநோட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் தாய்ச் சட்டம். அதில் 25வது பிரிவு ரொம்பச் சின்னது. ஒரு பில்லுக்குப் பணம் கட்ட வேண்டிய கெடு நாள் பொது விடுமுறையில் வந்து விழுந்தால், அதற்கு முந்தின வேலை நாளிலேயே கெடு முடிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். சரி, பொது விடுமுறை என்றால் எது? ஞாயிற்றுக்கிழமைகள், அப்புறம் அரசாங்கம் அரசிதழில் அறிவிக்கிற நாட்கள். அவ்வளவுதான் விளக்கம்! சாமி, திருவிழா, பண்டிகை என்று ஒரு வார்த்தை கிடையாது.

இதைப் படித்த அன்றைக்குத்தான் ஒரு பழைய சந்தேகம் தீர்ந்தது. ஏதாவது கோயில் திருவிழாவுக்கு கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவார் இல்லையா? அந்தச் செய்தியின் கடைசியில் "இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது" என்று ஒரு வரி தவறாமல் வரும். பள்ளிக்கூடம் படிக்கும்போது அந்த வரி எனக்குப் புரிந்ததே இல்லை. அதாவது பள்ளி, அரசு அலுவலகம் லீவு, ஆனால் கருவூலத்தில் அவசர வேலைக்கு ஆள் இருப்பார்கள், வங்கியும் திறந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை நமக்குப் பள்ளிக்கூடம் வேறு வைப்பார்கள்!

ஆக, ஊர் கொண்டாடுகிற நாள் ஒன்று, அரசிதழ் கொண்டாடுகிற நாள் இன்னொன்று. இரண்டும் எப்போது ஒன்றாகச் சேர்கின்றன, எப்போது சேரவே மாட்டேன் என்கின்றன என்று தேடிப் பார்த்தேன். திண்டுக்கல்காரனுக்கு இதற்கு உதாரணம் தேட தூரம் போக வேண்டியதில்லை. பழனி ரோட்டுக்குப் போனால் போதும்.

எங்கள் ஊர் ரோடு

தை பிறந்து பொங்கல் முடிந்தால் எங்கள் ஊர் ரோடுகளின் நிறமே மாறிவிடும். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, காவி, மஞ்சள். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு தண்ணீர் பாட்டில், சிலருக்குக் காலில் செருப்பு இருக்காது. மதுரைப் பக்கத்து ஆட்கள் வாடிப்பட்டி, சின்னாளப்பட்டி வழியாக வருவார்கள். காரைக்குடி, தேவகோட்டை ஆட்கள் சிங்கம்புணரி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி வழியாக வருவார்கள். எல்லோரும் திண்டுக்கல்லில் சேர்ந்து ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று பழனிக்கு நடப்பார்கள். திண்டுக்கல்லில் இருந்து பழனி ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

இந்த இரண்டு ஊர்ப் பெயர்களிலும் "சத்திரம்" இருப்பதைக் கவனித்தீர்களா? சத்திரம் என்றால் வழிப்போக்கர்கள் தங்கிப் போகும் இடம். ஒட்டன்சத்திரம் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் காய்கறி மார்க்கெட்தான் ஞாபகம் வரும். ஆனால் பெயரைப் பார்த்தால், லாரிகள் வருவதற்கு முன்னால் இந்தப் பாதை நடந்து போகிறவர்களின் பாதையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

1928ல் திண்டுக்கல்லில் இருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ரயில் பாதை வந்தது. அப்புறம் பஸ் வந்தது. நியாயமாகப் பார்த்தால் நடப்பது அப்போதே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஏனென்றால் போய்ச் சேருவது மட்டும் நோக்கம் இல்லை, நடப்பதுதான் வேண்டுதல்.

இரவில் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். வெயிலுக்குப் பயந்து பாதிப் பேர் ராத்திரியில்தான் நடப்பார்கள். வண்டிக்காரர்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி விடுவார்கள். வழி நெடுக பந்தல். ஒரு பந்தலில் சுடச்சுட வெண்பொங்கல், அடுத்ததில் டீ, அதற்கடுத்ததில் மோர். ஒரு இடத்தில் காலுக்குத் தைலம் தேய்த்து விடுவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் காலைப் பிடித்துத் தேய்த்து விடுவதும், நீங்கள் கூச்சத்தில் "வேண்டாம்ணே" என்று இழுத்துக்கொள்வதும் இந்த ரோட்டில் மட்டும்தான் நடக்கும். இதற்கெல்லாம் பில் கிடையாது. அக்கவுண்டன்சி படிக்கிறவனுக்கு இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றே தெரியாது. :-)

எவ்வளவு பழசு?

தைப்பூசம் என்பது தை மாதத்துப் பூச நட்சத்திர நாள். பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டி வரும். பார்வதி முருகனுக்கு வேல் கொடுத்த நாள் என்பது எல்லோரும் சொல்லும் கதை.

ஆனால் இது முருகனுக்கு மட்டுமே உரிய நாளாக எப்போதும் இருந்ததில்லை. 7ம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகத்தில் அந்த ஊரின் திருவிழாக்கள் வரிசையாக வருகின்றன. ஓணம், திருவாதிரை, பங்குனி உத்திரம் ஆகியவற்றோடு தைப்பூசமும் அதில் இருக்கிறது. அங்கே அது சிவன் கோயில் விழா. ரொம்பப் பிற்காலத்தில், 1872ல், வள்ளலார் வடலூரில் கட்டிய சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியதும் தைப்பூசத்தன்றுதான். இன்றும் அங்கே அன்றைக்கு ஜோதி தரிசனம் உண்டு.

பழனியில் தைப்பூசம் பத்து நாள் விழா. கொடியேற்றம் மலைமேல் இல்லை, கீழே ஊருக்குள் இருக்கிற பெரியநாயகி அம்மன் கோயிலில். தேரும் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில்தான் ஓடும். மலையடிவாரத்தில் இருக்கும் திருவாவினன்குடி, திருமுருகாற்றுப்படையில் வருகிற ஆவினன்குடி. இவ்வளவு பழைய ஊர், இவ்வளவு பழைய நாள். அரசாங்க லீவு மட்டும் ரொம்ப காலம் இல்லை.

ஏன் தை மாதத்தில் இவ்வளவு கூட்டம்? பக்தி ஒரு காரணம். என் வணிகவியல் மூளைக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. அறுவடை முடிந்து கையில் நெல்லும் காசும் இருக்கிற மாதம் அது. வயலில் வேலை குறைவு. விவசாயி தனக்குத்தானே லீவு விட்டுக்கொள்ளக்கூடிய நேரம். அவருக்கு யாரிடமும் லெட்டர் எழுதிக் கொடுக்க வேண்டியது இல்லை.

கிட்டங்கியில் தண்டாயுதபாணி

இந்த நடைபயணத்தில் ரொம்பப் பேர் பெற்றவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். குன்றக்குடியில் இருந்து காவடிகளோடு கிளம்பி நத்தம் வழியாக எங்கள் மாவட்டத்துக்குள் வருவார்கள். நானூறு வருஷத்துக்கு மேல் நடப்பதாகச் சொல்கிறார்கள். உப்பு வியாபாரத்துக்காகப் பழனிப் பக்கம் போனவர்களிடம் இருந்து இந்தப் பழக்கம் ஆரம்பித்தது என்பது அவர்கள் மரபில் சொல்லப்படும் கதை. எனக்கு இது பிடித்த கதை, ஏனென்றால் வணிகமும் வேண்டுதலும் ஒரே ரோட்டில் போயிருக்கின்றன.

அதே நகரத்தார்தான் 19ம் நூற்றாண்டில் வட்டித் தொழிலுக்காகப் பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று கப்பல் ஏறினார்கள். அவர்கள் தொழில் நடத்திய இடத்துக்குப் பெயர் கிட்டங்கி. போன இடத்தில் எல்லாம் கிட்டங்கியோடு ஒரு கோயிலும் கட்டினார்கள். சாமி யார்? தண்டாயுதபாணி! அதாவது கையில் தண்டத்தோடு நிற்கும் நம்ம பழனியாண்டவர். சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859ல் வந்தது. பினாங்கில் தைப்பூசத்துக்கு இழுக்கும் செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894ம் வருஷத்தது. கோலாலம்பூர் பக்கத்தில் பத்துமலைக் குகையில் தம்புசாமிப் பிள்ளை முயற்சியில் 1891ல் முருகன் கோயில் வந்தது, அடுத்த வருஷமே அங்கே தைப்பூசம் தொடங்கியது.

ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் பாதை வேலைக்கும் கூலிகளாகப் போன தமிழர்களுக்கும் அந்த நாள் தங்கள் நாளாக ஆனது. அங்கே பழனி ரோடு இல்லை. ஒரு கோயிலில் இருந்து இன்னொரு கோயிலுக்குக் காவடி எடுத்து நடந்தார்கள். பத்துமலையில் 272 படி ஏறினார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தைப்பூசத்துக்கு அரசாங்க லீவு என்பது தமிழ்நாட்டுக்கு வருவதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே கடல் தாண்டிய நாடுகளில் வந்துவிட்டது!

சிங்கப்பூர் போட்ட கணக்கு

சிங்கப்பூரில் தைப்பூசம் பொது விடுமுறையாக இருந்தது. 1965ல் அது தனி நாடானது. பிரிட்டிஷ் ராணுவத் தளங்களை மூடப்போகிறார்கள் என்ற அறிவிப்பும் வந்தது. அந்தத் தளங்களை நம்பி ஏகப்பட்ட வேலைகள் இருந்தன. சின்ன நாடு, உலகச் சந்தையில் போட்டி போட வேண்டும், அதிக நாள் உழைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1968ல் விடுமுறைகளை வெட்டினார்கள். 16 நாள் 11 நாளாகச் சுருங்கியது.

எல்லா மதத்தாருக்கும் வெட்டு விழுந்தது. முஸ்லிம்கள் நபிகள் நாயகம் பிறந்தநாள் விடுமுறையை இழந்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டர் திங்கள் போனது. இந்துக்களிடம் வைக்கப்பட்ட கேள்வி: தீபாவளி வேண்டுமா, தைப்பூசம் வேண்டுமா? ஒன்றுதான். தீபாவளி நின்றது, தைப்பூசம் போனது.

ஆனால் லீவுதான் போனதே தவிர தைப்பூசம் போகவில்லை. இன்றும் சிங்கப்பூரில் பால்குடமும் காவடியும் தேங்க் ரோடு நோக்கிப் போகின்றன. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறார்கள், அல்லது விடிவதற்கு முன்னால் நடந்து முடித்துவிட்டு ஆபீசுக்குப் போகிறார்கள். அந்த லீவைத் திரும்பக் கொடுங்கள் என்ற குரல் அங்கே அவ்வப்போது எழுகிறது. இதுவரை நடக்கவில்லை.

மலேசியாவில் விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பினாங்கு, பேராக், சிலாங்கூர் மாதிரி தமிழர் அதிகம் உள்ள மாநிலங்களில் தைப்பூசம் விடுமுறை. பத்துமலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தலைநகர் கோலாலம்பூருக்கு மட்டும் 2008ல்தான் அந்த விடுமுறை கிடைத்தது. அந்த வருஷம் மார்ச்சில் அங்கே பொதுத்தேர்தல் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்! மொரீசியசில் "தைப்பூசக் காவடி" என்ற பெயரிலேயே நாடு முழுவதும் விடுமுறை.

பிரேசிலிலும் இதே கதை

இது தமிழர்களுக்கு மட்டும் நடப்பது இல்லை என்பதற்கு ஒரு உதாரணம். உலகத்திலேயே பெரிய கொண்டாட்டம் எது என்று கேட்டால் பலரும் பிரேசில் கார்னிவல் என்பார்கள். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாட்களில் சம்பா ஆட்டமும் மேளமுமாக நாடே தெருவில் இருக்கும். ஆனால் பிரேசில் நாட்டின் தேசிய விடுமுறைப் பட்டியலில் கார்னிவல் கிடையாது. விருப்பப்பட்டால் விட்டுக்கொள்ளலாம் என்ற வகையில்தான் இருக்கிறது. அரசு அலுவலகங்கள் மூடிவிடும், தனியார் முதலாளியைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. கார்னிவலுக்கே பேர் போன ரியோ டி ஜெனிரோ மாநிலம்கூட 2008ல்தான் கார்னிவல் செவ்வாய்க்கிழமையை மாநில விடுமுறை ஆக்கியது.

இன்னொன்று, நவம்பர் 20. அடிமைத்தனத்தில் இருந்து தப்பிய கறுப்பின மக்கள் அமைத்த பால்மாரெஸ் என்ற குடியிருப்பின் தலைவர் சூம்பி 1695ல் கொல்லப்பட்ட நாள். 1970களில் கறுப்பின இயக்கத்தார் அந்த நாளைத் தாங்களாகவே கடைப்பிடிக்க ஆரம்பித்தார்கள். பிறகு ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு மாநிலமாக விடுமுறை விட்டது. தேசிய விடுமுறை ஆக்கும் சட்டம் வந்தது 2023 டிசம்பரில். இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு.

பிரேசிலோ பழனியோ, வரிசை ஒன்றாகத்தான் இருக்கிறது. முதலில் ஜனங்கள் தங்கள் காசையும் கூலியையும் விட்டு ஒரு நாளைக் கொண்டாடுகிறார்கள். ரொம்ப நாள் கழித்து அரசிதழ் வந்து அதில் கையெழுத்துப் போடுகிறது.

2021

தமிழ்நாட்டில் அந்தக் கையெழுத்து விழுந்தது 2021ல். தைப்பூசத்தைப் பொது விடுமுறையாக விட வேண்டும் என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அந்த வருஷம் ஜனவரி 5ம் தேதி அறிவித்தார். அந்த வருஷம் ஏப்ரலில் இங்கேயும் தேர்தல்! அறிவித்தவர் எடப்பாடிக்காரர் என்பதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. சேலம் மாவட்டத்து எடப்பாடியில் இருந்து பருவதராஜகுலத்தார் பெரிய கூட்டமாகக் காவடி எடுத்துப் பழனிக்கு வருவார்கள். டன் கணக்கில் பஞ்சாமிர்தம் அவர்களே தயாரிப்பார்கள், இரவில் மலைமேல் தங்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் அவர்கள் வருவது தைப்பூசம் முடிந்து சில நாள் கழித்து. அரசிதழ் நாளுக்கும் அவர்கள் நாளுக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் லீவு 2021 ஜனவரி 28. நான் அப்போது பத்தாம் வகுப்பு. கொரோனாவுக்குப் பிறகு ஜனவரி 19ம் தேதிதான் எங்களுக்குப் பள்ளியே திறந்தார்கள். பத்து மாதம் வீட்டில் இருந்துவிட்டு, போய்ப் பத்து நாள் ஆவதற்குள் மறுபடி லீவு. வாழ்க்கையில் பிரயோஜனமே இல்லாத லீவு என்றால் எனக்கு அதுதான். :-)

அடுத்த வருஷம், 2022ல், தைப்பூசம் ஜனவரி 18. கொரோனா மூன்றாவது அலை. 14ம் தேதியில் இருந்து 18 வரை வழிபாட்டுத் தலங்களில் மக்களுக்கு அனுமதி இல்லை. லீவு இருந்தது, சாமி தரிசனம் இல்லை! 2023ல் தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை. அதனால் லீவு இருந்தும் இல்லாத மாதிரி.

பழனிக்கு இன்னொரு பெரிய விழா பங்குனி உத்திரம். கொடுமுடியில் இருந்து காவிரித் தண்ணீரைத் தீர்த்தக் காவடியாக எடுத்துக்கொண்டு கொங்கு நாட்டு ஆட்கள் நடந்து வருவார்கள். 2025 அரசு விடுமுறைப் பட்டியலிலும் அது இல்லை. வங்கிகளின் வருஷக் கணக்கு முடிக்க ஏப்ரல் 1 இருக்கிறது, பங்குனி உத்திரம் இல்லை. அதனால் அவர்கள் வராமல் இருக்கிறார்களா என்ன?

அம்மாவின் லிஸ்ட்

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு உண்மையான காரணம் என் அம்மா.

அம்மா ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார். வேடசந்தூர் பக்கம் மில்களுக்குப் பஞ்சமில்லை, அதில் ஒன்று. 2022ல் என் தங்கைக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்போது அம்மா பழனிக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். 2023ல் தைப்பூசம் ஞாயிறு, ஆனால் அம்மாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். 2024ல் ஆள் பற்றாக்குறை என்று லீவு தரவில்லை. 2025ல் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. எங்கள் காலேஜுக்கு லீவு. மில்லுக்கு இல்லை.

அம்மா முன்கூட்டியே போய்க் கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர், "ஏம்மா, நம்ம மில்லு லிஸ்ட்ல பூசம் கிடையாதுல்ல" என்றாராம். "தெரியும் சார், லீவு போட்டுத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எனக்குக் கோபம். அரசாங்கமே விட்ட லீவை இவர்கள் எப்படி மறுக்கலாம் என்று சட்டத்தைத் தேடினேன். தேடியபிறகுதான் தெரிந்தது, மில்காரர் சொன்னதில் சட்டப்படி தப்பே இல்லை! அரசிதழ் விடுமுறை அரசு அலுவலகம், பள்ளி, வங்கிக்குத்தான். தொழிற்சாலைகளுக்குத் தனியாக 1958ல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது, தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம். அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள் கட்டாயம். அதற்கு மேல் பண்டிகைகளுக்கு ஐந்து நாள். மொத்தம் ஒன்பது. இந்த நாட்களில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தரவேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு பதிலுக்கு வேறொரு நாள் லீவு தரவேண்டும். மற்ற நாளெல்லாம் மில்லுக்கு வேலை நாள்தான்.

அரசு ஊழியருக்கு இருபதுக்கு மேல் பொது விடுமுறை, மில் தொழிலாளிக்கு ஒன்பது. எங்கள் வீட்டிலேயே இரண்டு காலண்டர் ஓடியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஞாயிறு சாயங்காலம் கிளம்பினோம். அம்மா, பக்கத்து வீட்டு அத்தை, நான். ராத்திரி முழுக்க நடந்து மறுநாள் காலையில் ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்தோம். ஒரு பந்தலில் படுத்துத் தூங்கி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை. ஷிப்டில் எட்டு மணி நேரம் நின்று பழகிய கால் என்பதால் அம்மா எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். நான்தான் "கொஞ்சம் உக்காரும்மா" என்று கெஞ்சிக்கொண்டு போனேன். செவ்வாய் விடிகாலையில் பழனி. கூட்டத்தில் நசுங்கி, மலை ஏறி, ஒரு நிமிஷம்கூட நின்று பார்க்க முடியவில்லை. அம்மா அழுதார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இரண்டு நாள் சம்பளம் போனது. அந்த மாதத்து அட்டென்டன்ஸ் காசும் சேர்ந்து போனது. மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். எங்கள் வீட்டில் அது மளிகைக் கடைப் பாக்கி.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவிடம் 1958 சட்டத்தை விளக்கினேன். அந்த ஐந்து பண்டிகை நாள் எவை என்பதை அதிகாரி, முதலாளியிடமும் தொழிலாளிகளிடமும் கலந்து பேசித்தான் முடிவு செய்யவேண்டும் என்று அதில் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் தைப்பூசத்தையும் சேர்க்கலாம் என்றேன்.

அம்மா கேட்டார், "அஞ்சுலதான சேக்கணும்? அப்ப எதை எடுப்பாங்க? தீபாவளியவா, பொங்கலயா?"

எனக்குப் பதில் இல்லை. சிங்கப்பூரில் 1968ல் கேட்ட அதே கேள்வி!

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே சொன்னார். "சம்பளத்தோட லீவு குடுத்தா, மில்லுக்காரரு எனக்காக நடந்த மாதிரி ஆயிரும்டா. போகட்டும் விடு. அதுவும் முருகனுக்கு முடிஞ்சு போட்ட காசுதான்."

என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. வேண்டுதலுக்கு விட்டுக்கொடுப்பது என்பது நாமே மனம் வந்து கொடுப்பது, சம்பளத்தில் பிடிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து அம்மா மாதிரி ஆட்கள் பேசாமல் இருப்பதால்தான் அந்தச் சட்டத்தின் கணக்கு இன்னும் ஒன்பதிலேயே நிற்கிறதோ என்று தோன்றுகிறது. அதே சமயம், நானூறு வருஷமாக இந்த ரோடு காலியாகாமல் இருப்பதற்குக் காரணமும் அம்மா மாதிரி ஆட்கள்தான். லீவு கிடைத்த பிறகுதான் நடப்போம் என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தால் 2021ல் அறிவிப்பதற்குத் தைப்பூசமே இருந்திருக்காது.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒன்பதைப் பத்தாக்கலாம். அந்தப் பத்தாவது நாள் எது என்பதை மில்லில் வேலை செய்கிறவரே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவருக்குத் தைப்பூசம், இன்னொருவருக்குத் தன் ஊர் அம்மன் திருவிழா, வேறொருவருக்கு மாதா கோயில் திருவிழா. எங்கள் மாவட்டத்தில் எல்லாமே உண்டு. மில்லுக்கும் ஒரே நாளில் எல்லா மிஷினையும் நிறுத்தும் நஷ்டம் இல்லை. காஸ்ட் அக்கவுண்டிங் படித்ததற்கு இதையாவது யோசித்தேனே என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தை மாதம் நீங்கள் திண்டுக்கல் வழியாக பஸ்ஸில் போனால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். நடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அன்றைக்கு லீவு, எத்தனை பேர் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. எல்லோரும் ஒரே மாதிரிதான் "அரோகரா" சொல்லுவார்கள்.

அடுத்த முறை எங்கள் ஊர்ப் பூட்டுத் தொழில் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். பார்க்கலாம்.

பி.கு: தங்கை இப்போது நன்றாக இருக்கிறாள். பழனியில் வாங்கி வந்த பஞ்சாமிர்த டப்பாவை ஒரே ஆளாகக் காலி செய்தது அவள்தான்.